சிங்கப்பூரில் கார் வாங்குவதும் வைத்திருப்பதும்: புதிதாகக் குடியேறியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காகச் சிங்கப்பூர் வந்து, குடும்பத்தோடு தங்கத் தொடங்கிய ஓரிரு ஆண்டுகளில் பலருக்கும் கார் ஆசை எழுகிறது. ஊரில் கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு இங்குள்ள விலையும் விதிகளும் முதலில் திகைப்பைத் தருகின்றன. பிறகு விற்பனையாளர் சொல்லும் மாதத் தவணை மட்டும் மனத்தில் பதிந்து, மற்ற கணக்குகள் மறந்துபோகின்றன. அப்படி அவசரப்பட்டுக் கையெழுத்திடும் முன் தெரிந்திருக்க வேண்டியவற்றை இங்கே கேள்வி பதிலாகத் தொகுத்திருக்கிறேன். தொகைகள் அனைத்தும் சிங்கப்பூர் வெள்ளியில் (டாலரில்) உள்ளன.

ஊரில் பத்துப் பன்னிரண்டு லட்சத்துக்குக் கிடைக்கும் கார் இங்கே ஏன் ஒரு வீட்டின் விலைக்கு விற்கிறது?

சிங்கப்பூரில் நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி காருக்கானது அன்று. அந்தக் காரைப் பத்தாண்டுகள் சாலையில் ஓட்டுவதற்கான அனுமதிக்கானது. வாகன உரிமைச் சான்றிதழ் எனப்படும் சிஓஇ முறை 1990-இல் நடைமுறைக்கு வந்தது. தீவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 12 விழுக்காடு ஏற்கெனவே சாலைகளுக்குப் போய்விட்ட நிலையில், வாகன எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்க அரசு தேர்ந்தெடுத்த வழி இது. 2018 பிப்ரவரி முதல் தனியார் கார்களின் வளர்ச்சி விகிதம் பூச்சியமாக வைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே பழைய கார் ஒன்று பதிவிலிருந்து நீங்கினால்தான், பெரும்பாலும், புதிய கார் ஒன்றுக்கு இடம் பிறக்கிறது.

இதற்கு மேல் வரிகள் உண்டு. கார் துறைமுகத்தில் வந்து இறங்கும்போது சுங்கத் துறை கணக்கிடும் மதிப்பை ஓஎம்வி என்பார்கள். அதன் மீது 20 விழுக்காடு உற்பத்தி வரி, அந்த இரண்டின் கூட்டுத் தொகை மீது 9 விழுக்காடு பொருள் சேவை வரி, பிறகு ஏஆர்எஃப் எனப்படும் கூடுதல் பதிவுக் கட்டணம் ஆகியவை சேரும். 2023 பிப்ரவரியில் மாற்றியமைக்கப்பட்ட விகிதப்படி ஏஆர்எஃப் ஓஎம்வியின் முதல் 20,000 வெள்ளிக்கு 100 விழுக்காடு, அடுத்த 20,000-க்கு 140 விழுக்காடு என்று ஏறிக்கொண்டே போய், 80,000-க்கு மேற்பட்ட பகுதிக்கு 320 விழுக்காட்டைத் தொடுகிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் விளங்கும். ஓஎம்வி 18,000 வெள்ளி உள்ள ஒரு சிறிய கார் என்று வைத்துக்கொள்வோம். உற்பத்தி வரி 3,600, பொருள் சேவை வரி 1,944, ஏஆர்எஃப் 18,000, பதிவுக் கட்டணம் 350. சிஓஇ 1,00,000 வெள்ளி என்று எடுத்துக்கொண்டால், விற்பனையாளரின் லாபம் சேரும் முன்பே தொகை 1,41,894 ஆகிவிடுகிறது. இதில் கார் என்ற பொருளின் மதிப்பு அந்த 18,000 மட்டுமே. இந்த ஒரு வரியை மனத்தில் நிறுத்திக்கொண்டால், கீழே வரும் பதில்கள் எல்லாம் எளிதில் புரியும்.

சிஓஇ ஏலம் எப்படி நடக்கிறது? நான் நேரடியாகப் பங்கேற்க முடியுமா?

ஏலம் மாதத்துக்கு இரண்டு முறை, வழக்கமாக முதல் வாரத்திலும் மூன்றாம் வாரத்திலும், திங்கட்கிழமை தொடங்கிப் புதன்கிழமை மாலை 4 மணிக்கு முடிகிறது. 1,600 சிசி வரையும் 97 கிலோவாட் வரையும் திறன் கொண்ட கார்கள் ஏ வகை. அதற்கு மேற்பட்டவை பி வகை. முழு மின்சாரக் கார்களுக்கு மட்டும் ஏ வகையின் எல்லை 110 கிலோவாட். இ வகை என்பது பொதுவானது. பெயரளவில் மோட்டார் சைக்கிள் தவிர எந்த வாகனத்துக்கும் பயன்படுத்தலாம் என்றாலும், நடைமுறையில் பெரிய கார்களுக்கே போகிறது. வெற்றி பெற்ற அனைவரும் ஒரே தொகையைத்தான் செலுத்துவார்கள். தாம் கேட்ட உச்சத் தொகையைச் செலுத்த வேண்டியதில்லை.

நீங்களே ஏலம் கேட்கலாம், அதற்கு 10,000 வெள்ளி வைப்புத் தொகை வேண்டும். ஆனால் புதிய கார் வாங்குவோரில் மிகப் பெரும்பாலானோர் விற்பனையாளர் மூலமே செல்கிறார்கள். அங்கேதான் ஒப்பந்தத்தைக் கூர்ந்து படிக்க வேண்டியிருக்கிறது. "கேரண்டீட் சிஓஇ" என்ற ஒப்பந்தத்தில், குறிப்பிட்ட காலத்துக்குள் எந்த விலைக்குச் சிஓஇ கிடைத்தாலும் ஒப்பந்த விலை மாறாது. மற்ற வகை ஒப்பந்தத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான ஏலங்களில் மட்டும் விற்பனையாளர் முயல்வார்; கிடைக்காவிட்டால் நீங்கள் கூடுதல் பணம் கட்டித் தொடர வேண்டும், இல்லையேல் முன்பணத்தைத் திரும்பப் பெற்று விலக வேண்டும். இரண்டிலுமே "ரிபேட் லெவல்" என்றொரு தொகை சிறிய எழுத்தில் இருக்கும். சிஓஇ அந்தத் தொகைக்குக் கீழே இறங்கினால் வித்தியாசம் உங்களுக்குத் திரும்ப வரும். அந்த எண்ணை மிகக் குறைவாக வைத்திருக்கும் ஒப்பந்தத்தில், ஏலத்தில் விலை சரிந்தாலும் அதன் பயன் உங்களை வந்து சேராது. விளம்பரப் பலகையில் இருக்கும் விலையைக் காட்டிலும் இந்த எண்ணே முக்கியம் என்று நான் கருதுகிறேன்.

சிஓஇ குறையும் வரை காத்திருப்பது புத்திசாலித்தனமா?

2020-இன் தொடக்கத்தில் ஏ வகை 30,000 வெள்ளிக்கும் 40,000 வெள்ளிக்கும் இடையே இருந்தது. 2023 அக்டோபரில் அதே ஏ வகை 1,06,000 வெள்ளிக்கும், பி வகை 1,50,001 வெள்ளிக்கும் போனது. பத்தாண்டுகளுக்கு முன் பதிவான கார்கள் எத்தனை இப்போது பதிவிலிருந்து நீங்குகின்றன என்பதைப் பொறுத்தே ஒதுக்கீடு அமைவதால், ஏற்ற இறக்கம் ஒரு சுழற்சியாக வருகிறது. ஆனால் அந்தச் சுழற்சியின் அடிவாரம் எந்த மாதத்தில் வரும் என்று ஊகித்து வாழ்க்கைத் திட்டத்தை அமைப்பது வீண். காத்திருக்க முடிந்தவருக்குக் கார் உடனடித் தேவை இல்லை என்று பொருள். அவர் காத்திருப்பதே நல்லது.

வேலை அனுமதியில் இருப்பவர் தன் பெயரில் கார் வாங்கலாமா, அல்லது நிரந்தரவாசியாக இருக்க வேண்டுமா?

செல்லுபடியாகும் வேலை அனுமதியோ சார்ந்திருப்போர் அனுமதியோ உடைய 18 வயது நிறைந்த வெளிநாட்டவர் தம் பெயரில் காரைப் பதிவு செய்யலாம். பதிவும் பெயர் மாற்றமும் அரசின் மின்னடையாள முறையான சிங்பாஸ் வழியாக இணையத்திலேயே முடிகின்றன. தடை வருவது கடன் விஷயத்தில்தான். பல நிதி நிறுவனங்கள் வெளிநாட்டவரிடம் உள்ளூர் உத்தரவாதி ஒருவரைக் கேட்கின்றன, அல்லது அனுமதியின் எஞ்சிய காலத்துக்கு ஏற்பக் கடன் காலத்தைச் சுருக்குகின்றன.

இங்கே ஒரு வேண்டுகோள். நண்பரின் பெயரில் காரைப் பதிவு செய்துவிட்டுத் தவணையை மட்டும் நீங்கள் கட்டும் ஏற்பாட்டுக்கு ஒருபோதும் இணங்காதீர்கள். அபராதம், காப்புறுதி, விபத்துப் பொறுப்பு எல்லாம் பதிவில் இருப்பவர் தலையில் விழும். பணம் கட்டியவருக்கோ சட்டப்படி கையில் ஒன்றும் இருக்காது. நல்ல நட்புகள் முறிவதற்கு இது போதும்.

எவ்வளவு முன்பணம் வேண்டும்? வட்டி 2.5 விழுக்காடுதான் என்கிறார்களே?

சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதிப்படி, ஓஎம்வி 20,000 வெள்ளி வரையுள்ள காருக்கு விலையில் 70 விழுக்காடும், அதற்கு மேற்பட்டதற்கு 60 விழுக்காடும்தான் கடனாகப் பெறலாம். திருப்பிச் செலுத்தும் காலம் ஏழாண்டுகளைத் தாண்டக் கூடாது. 1,60,000 வெள்ளிக்கு விற்கப்படும் சிறிய காருக்கே 48,000 வெள்ளி கையில் இருந்தாக வேண்டும் என்பது இதன் பொருள்.

வட்டியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கே கார்க் கடனுக்குச் சொல்லப்படும் வட்டி, அசல் குறையக் குறையக் குறையும் வட்டி அன்று. 60,000 வெள்ளியை ஐந்தாண்டுக்கு 2.5 விழுக்காட்டில் வாங்கினால், ஐந்தாண்டும் முழு 60,000-க்கே வட்டி கணக்கிடப்படும். ஆண்டுக்கு 1,500 வீதம் 7,500 வெள்ளி வட்டி, மொத்தம் 67,500, மாதத் தவணை 1,125. நாலாம் ஆண்டில் நீங்கள் திருப்ப வேண்டிய அசல் மிகவும் குறைந்திருந்தாலும் வட்டி குறையாது. வீட்டுக் கடனோடு ஒப்பிடத்தக்க உண்மையான வட்டி 5 விழுக்காட்டை நெருங்கும். தவணைக் காலம் முடியும் முன்பே கடனை அடைத்தால் மிச்ச வட்டி முழுவதும் தள்ளுபடியாகும் என்றும் எண்ணிவிட வேண்டாம். தொடக்க மாதங்களின் தவணையில் வட்டியின் பங்கு அதிகம் இருக்கும்படி கணக்கிடும் முறை இங்கே வழக்கத்தில் உள்ளது. அதற்கு மேல் முன்கூட்டியே அடைப்பதற்கான கட்டணமும் பிடித்துக்கொள்ளப்படும். இரண்டே ஆண்டில் வேறு நாட்டுக்கு மாற்றல் வரக்கூடிய பணியில் இருப்பவர், "இரண்டாம் ஆண்டு முடிவில் அடைத்தால் எவ்வளவு கட்ட வேண்டும்" என்று எழுத்து மூலம் கேட்டு வாங்கிக்கொண்ட பிறகே கையெழுத்திட வேண்டும்.

புதிய கார் நல்லதா, பழைய கார் நல்லதா?

எத்தனை ஆண்டு இங்கே இருக்கப் போகிறீர்கள் என்பதே இதற்கு விடை. புதிய காரில் பத்தாண்டுக்கான அனுமதியை முன்கூட்டியே வாங்கிவிடுகிறீர்கள். மூன்றாண்டில் கிளம்ப நேர்ந்தால் எஞ்சிய ஏழாண்டை, அன்றைய சந்தை என்ன விலை தருகிறதோ அந்த விலைக்கே விற்க வேண்டியிருக்கும். மூன்று நான்கு ஆண்டு ஆயுள் மிஞ்சிய பழைய காரை வாங்கினால், உங்கள் தங்கும் காலமும் காரின் காலமும் ஏறத்தாழ ஒன்றாக முடியும். பணி ஒப்பந்தத்தில் வந்திருக்கும் குடும்பங்களுக்கு நான் எப்போதும் இதையே பரிந்துரைக்கிறேன்.

பழைய கார் விலைகளை ஒப்பிட இங்குள்ளவர்கள் ஆண்டுத் தேய்மானத்தைத்தான் பார்க்கிறார்கள். விற்பனையாளர் பேச்சில் அது "டெப்ரி". கார் விலையிலிருந்து, ஆயுள் முடிவில் அரசு திருப்பித் தரும் தொகையைக் கழித்து, மீதியை எஞ்சிய ஆண்டுகளால் வகுக்க வேண்டும். 60,000 வெள்ளி விலை, நான்காண்டு மிச்சம், முடிவில் 8,000 வெள்ளி திரும்பும் என்றால், தேய்மானம் ஆண்டுக்கு 13,000. இதே முறையில் 45,000 வெள்ளிக் கார் ஒன்றுக்கு இரண்டரை ஆண்டு மட்டுமே மிச்சம் என்றால், திரும்பும் தொகை அதே 8,000-ஆக இருந்தாலும் தேய்மானம் ஆண்டுக்கு 14,800 ஆகிவிடும். விலை குறைந்த கார் உண்மையில் விலை கூடிய கார் என்பதை இந்தக் கணக்கு காட்டிக்கொடுக்கும்.

அரசு திருப்பித் தரும் தொகை என்பது என்ன?

அதை "பேப்பர் வேல்யூ" என்று சந்தையில் சொல்வார்கள். அதில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, பயன்படுத்தாத சிஓஇ காலத்துக்கு உரிய தொகை. 1,00,000 வெள்ளிக்கு வாங்கிய சிஓஇயில் நான்காண்டு மிச்சமிருக்கும்போது காரைப் பதிவிலிருந்து நீக்கினால் 40,000 வெள்ளி. மற்றொன்று பார்ஃப் எனப்படும் சலுகை; பத்தாண்டு நிறைவதற்குள் பதிவை நீக்கும் காருக்கு, செலுத்திய ஏஆர்எஃப்பில் ஒரு பங்கு திரும்பும். கார் பழையதாக ஆக அந்தப் பங்கு குறையும். 2023 பிப்ரவரியில் இதற்கு 60,000 வெள்ளி என்ற உச்சவரம்பு கொண்டுவரப்பட்டது. கார் எந்தக் காலத்தில் பதிவானதோ அந்தக் காலத்து விதியே அதற்குப் பொருந்தும் என்பதால், ஒரே மாதிரியான இரண்டு கார்களுக்கு வேறு வேறு தொகை வரக்கூடும். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் அந்தந்தக் காருக்கு உரிய தொகையைப் பார்த்துச் சொல்லும்படி உரிமையாளரிடமே கேளுங்கள்.

பத்தாண்டு முடிந்த பிறகு புதுப்பித்த "சிஓஇ கார்" வாங்கலாமா?

பத்தாண்டு முடிவில் உரிமையாளர், முந்தைய மூன்று மாத ஏல விலைகளின் சராசரியைச் செலுத்திச் சான்றிதழைப் பத்தாண்டுக்கு நீட்டிக்கலாம். அதில் பாதியைச் செலுத்தி ஐந்தாண்டுக்கும் நீட்டிக்கலாம். ஐந்தாண்டு நீட்டிப்பு என்றால் அதற்குப் பிறகு மறு நீட்டிப்பு இல்லை. கார் சாலையை விட்டுப் போக வேண்டியதுதான். புதுப்பித்த காருக்குப் பார்ஃப் சலுகை கிடையாது. பத்தாண்டைத் தாண்டிய காருக்குச் சாலை வரியில் ஆண்டுக்கு 10 விழுக்காடு வீதம் கூடி, உச்சமாக 50 விழுக்காடு வரை மிகை வரி வரும். கட்டாயப் பரிசோதனையும் ஆண்டுதோறும் உண்டு. எந்திரமும் கியர்பெட்டியும் நன்றாக இருக்கும், நம்பகமான பட்டறை ஒன்றைத் தெரிந்து வைத்திருக்கும் ஒருவருக்கு இது நியாயமான தேர்வு. காரின் அடிப்படையே தெரியாதவர் தவிர்ப்பது நலம்.

பழைய காரை வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

யூபி, சின் மிங் போன்ற பகுதிகளில் பழைய கார் கடைகள் நெருக்கமாக இருக்கின்றன. அங்கே போகும்போது பகல் வெளிச்சத்தில் போங்கள். முதலில் "லாக் கார்டு" எனப்படும் பதிவு விவரத்தைக் கேட்டு வாங்கி, முதற்பதிவு நாள், சிஓஇ முடியும் நாள், ஓஎம்வி, செலுத்திய ஏஆர்எஃப், இதுவரை எத்தனை பேர் கைமாறியது ஆகியவற்றைப் பாருங்கள். பிறகு காரின் முன்கதவைத் திறந்து, கதவு பொருந்தும் ரப்பர்ப் பட்டையை மெல்ல விலக்கி, உள்ளே தகட்டைப் பற்றவைத்த புள்ளிகள் சீராக இருக்கின்றனவா என்று கவனியுங்கள். விபத்தில் சிக்கி வெட்டி ஒட்டிய காரில் அவை ஒழுங்கற்று இருக்கும். டிக்கியின் அடித்தளத் துணியைத் தூக்கி, உபரிச் சக்கரம் வைக்கும் குழியில் மடிப்போ புதுப் பூச்சோ இருக்கிறதா என்றும் பாருங்கள். குளிர்சாதனத்தை முழு வேகத்தில் வைத்து, வாகன நிறுத்தத்தில் கால்மணி நேரம் நிறுத்தியே ஓடவிடுங்கள். இங்குள்ள வெப்பத்தில், நெரிசலில் நிற்கும்போதுதான் கம்ப்ரஸரின் பலவீனம் வெளிப்படும்.

இவற்றோடு நிறுத்தாமல், வாங்குபவருக்காகப் பரிசோதித்து அறிக்கை தரும் மையம் ஒன்றுக்குக் காரைக் கொண்டுபோகச் சொல்லுங்கள். விக்காம், எஸ்டிஏ போன்றவை இதைச் செய்கின்றன. இதற்கு மறுக்கும் கடைக்காரரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

2012 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ள "லெமன் சட்டம்" பழைய காருக்கும் பொருந்தும். வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, வாங்கும்போதே இருந்ததாகவே பொதுவாகக் கருதப்படும். பழுது பார்க்கவோ, மாற்றித் தரவோ, விலையைக் குறைக்கவோ கடைக்காரரிடம் கோரலாம். காரின் வயதுக்கு ஏற்ற இயல்பான தேய்வு இதில் அடங்காது. ஒரு தனி நபரிடமிருந்து நேரடியாக வாங்கினால் இந்தப் பாதுகாப்பு இல்லை. நேரடி விற்பனையில் விலை குறைவாக இருப்பதற்கு ஒரு காரணம் இதுவே.

என் இந்திய ஓட்டுநர் உரிமம் செல்லுமா?

செல்லும், ஆனால் 12 மாதம் வரை மட்டுமே. உரிமம் ஆங்கிலத்தில் இல்லையென்றால் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியோ அதிகாரபூர்வ மொழிபெயர்ப்போ உடன் இருக்க வேண்டும். அதன் பிறகும் ஓட்ட வேண்டுமானால், அடிப்படைக் கோட்பாட்டுத் தேர்வில் வெற்றி பெற்று உரிமத்தைச் சிங்கப்பூர் உரிமமாக மாற்றிக்கொள்ள வேண்டும். 50 கேள்விகளில் 45-க்குச் சரியான விடை தேவை. தேர்வு இடம் கிடைக்க நாளாகும் என்பதால், வந்த சில மாதத்திலேயே பதிவு செய்துவிடுங்கள். காலாவதியான உரிமத்தோடு ஓட்டினால் காப்புறுதியும் செல்லாது.

இரு நாட்டிலும் சாலையின் இடப்புறமே ஓட்டுகிறோம் என்பதால் எளிது என்று தோன்றும். கைப்பழக்கங்களை மாற்றுவதே சிரமம். பாதசாரிக் கடப்பில் ஒருவர் கால் வைக்க நின்றாலே காரை நிறுத்த வேண்டும். ஹாரன் அடித்து வழி கேட்பது இங்கே வழக்கமில்லை. மஞ்சள் கோடிட்ட பேருந்துத் தடம், வார நாட்களில் காலை 7.30 முதல் 9.30 வரையும், மாலை 5 முதல் 8 வரையும் பேருந்துகளுக்கு மட்டுமே உரியது. விரைவுச்சாலையில் வலப்புற ஓரத் தடம் முந்துவதற்கானது. அதில் நிதானமாகப் போய்க்கொண்டிருப்பது தவறு. 24 மாதத்துக்குள் 24 குற்றப் புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் இடைநீக்கம் செய்யப்படும். 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள குழந்தைக்கு உரிய இருக்கையோ தடுப்போ கட்டாயம். மடியில் உட்கார வைத்துக்கொண்டு போகும் ஊர் வழக்கத்தை, தேக்காவுக்குப் போகும் பத்து நிமிடப் பயணத்துக்குக்கூட இங்கே கொண்டுவர வேண்டாம் என்று பெற்றோரைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

கார் வாங்கிய பின் மாதந்தோறும் என்னென்ன செலவுகள்?

சாலை வரி 1,600 சிசி காருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 740 வெள்ளி. வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் (வீவக) குடியிருப்பில் மாத வாகன நிறுத்தக் கட்டணம், முதல் காருக்கு, திறந்தவெளியில் 80 வெள்ளியும் கூரையுள்ள இடத்தில் 110 வெள்ளியும். வாடகைக்கு இருப்பவர் இந்தச் சலுகைக் கட்டணத்தைப் பெற, வீட்டு உரிமையாளர் உங்களை முறைப்படி வாடகைதாரராகக் கழகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். வெளியே நிறுத்தும்போது பெரும்பாலான வீவக நிறுத்தங்களில் அரைமணிக்கு 60 காசு, நகர மையத்தில் 1.20 வெள்ளி. ஞாயிறன்றும் பொது விடுமுறை நாட்களிலும் பல வீவக நிறுத்தங்களில் கட்டணம் இல்லை. கோயிலுக்கும் உறவினர் வீட்டுக்கும் போகும் நாளாக அது அமைந்துவிடுவது ஒரு வசதி.

மின்னியல் சாலைக் கட்டணமான இஆர்பி, 1998 முதல் இருக்கிறது. நேரத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப மாறும். அலுவலகம் நகர மையத்தில் இருந்து, காலை உச்ச நேரத்தில் நுழைய வேண்டியிருந்தால், நுழைவுக் கட்டணத்தையும் அலுவலகக் கட்டடத்தின் நிறுத்தக் கட்டணத்தையும் கூட்டிப் பாருங்கள். பெட்ரோல் செலவை இவை தாண்டுவது உண்டு. பெட்ரோல் விலையிலேயே 95 ரகத்தில் லிட்டருக்கு 66 காசு தீர்வை அடங்கியிருக்கிறது. நிலையத்துக்கு உரிய கடன் அட்டையைப் பயன்படுத்தினால் கணிசமான தள்ளுபடி கிடைக்கும்.

காப்புறுதியில் கவனிக்க வேண்டியது என்ன?

மூன்றாம் தரப்புக் காப்புறுதி சட்டப்படி கட்டாயம். கடனில் வாங்கிய காருக்கு முழுக் காப்புறுதியை நிதி நிறுவனமே கேட்கும். இழப்பீடு கோராமல் ஓட்டிய ஆண்டுகளுக்கு ஏற்பக் கிடைக்கும் என்சிடி சலுகை, தனியார் காருக்கு ஐந்தாண்டில் 50 விழுக்காட்டை எட்டும். இந்தியாவில் பெற்ற சலுகையைச் சில நிறுவனங்கள் ஏற்கின்றன. அங்குள்ள காப்புறுதி நிறுவனத்திடம் உறுதிக் கடிதம் வாங்கி வாருங்கள். மனைவியும் ஓட்டுவார் என்றால் அவர் பெயரைச் சேர்த்துவிடுங்கள். அனுபவம் குறைந்த ஓட்டுநர் விபத்துக்குள்ளானால் நம் கையிலிருந்து கட்டும் தொகை எவ்வளவு என்றும் கேளுங்கள். சிறு உரசலானாலும் 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். "நமக்குள்ளே பேசி முடித்துக்கொள்வோம்" என்று எதிர்த்தரப்பு சொன்னாலும் இதைத் தவிர்க்காதீர்கள்.

மின்சாரக் கார் வாங்கலாமா?

தினமும் எங்கே மின்னேற்றப் போகிறீர்கள் என்று முடிவு செய்துகொண்டு வாங்குங்கள். வீவக நிறுத்தங்களில் மின்னேற்றிகள் வேகமாகப் பெருகிவருகின்றன; தனியார் அடுக்குமாடியில் நிர்வாகக் குழுவின் முடிவைப் பொறுத்தது. சாலை வரியில் எந்திரத் திறனுக்கான தொகைக்கு மேல் ஆண்டுக்கு 700 வெள்ளி கூடுதலாகச் செலுத்த வேண்டும் என்பதைப் பலர் பிறகுதான் அறிகிறார்கள். 2030 முதல் புதிதாகப் பதிவாகும் கார்கள் அனைத்தும் தூய்மை எரிசக்தி வகையாக இருக்க வேண்டும் என்பது அரசின் முடிவு.

இந்தியாவில் நான் வைத்திருக்கும் காரை இங்கே கொண்டுவர முடியுமா?

மூன்றாண்டுக்கு உட்பட்ட பழைய காரை மட்டுமே இறக்குமதி செய்யலாம். அதற்கு 10,000 வெள்ளி மிகைக் கட்டணம், மேற்சொன்ன வரிகள், சிஓஇ, புகை வெளியேற்றத் தரச் சான்று எல்லாம் வேண்டும். உணர்வுபூர்வமான காரணம் எதுவானாலும், செய்யாதீர்கள்.

காரில் மலேசியா போகலாமா?

சிங்கப்பூர்க் கார் வைத்திருப்பதன் பெரிய இன்பங்களில் இது ஒன்று. தீபாவளி விடுமுறையில் ஜொகூருக்கோ, பத்துமலைக்கோ, பினாங்குக்கோ குடும்பத்தோடு போய்வரலாம். உட்லண்ட்ஸ் அல்லது துவாஸ் வழியாகக் கிளம்பும்போது பெட்ரோல் தொட்டியில் முக்கால் பங்காவது எரிபொருள் இருக்க வேண்டும். இல்லையேல் 500 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம், திருப்பியும் அனுப்பிவிடுவார்கள். மலேசியாவில் 95 ரகப் பெட்ரோலை வெளிநாட்டுப் பதிவெண் கொண்ட வாகனங்களுக்கு விற்கக் கூடாது. 97 ரகம் போட்டுக்கொள்ளுங்கள். 2025 ஜூலை முதல் விஇபி என்ற நுழைவு அனுமதி ஒட்டுவில்லை இல்லாத சிங்கப்பூர்க் கார்களுக்கு மலேசியா 300 ரிங்கிட் அபராதம் விதிக்கிறது. அதற்கான விண்ணப்பத்தைப் பயணத்துக்கு நெடுநாள் முன்பே முடித்துவிடுங்கள்.

உண்மையைச் சொல்லுங்கள், எனக்குக் கார் தேவையா?

எம்ஆர்டி நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் வீடும், ரயில் பாதையிலேயே அலுவலகமும் உள்ள, ஒரு குழந்தை கொண்ட குடும்பத்துக்குத் தேவையில்லை என்பதே என் கருத்து. ஆண்டுக்கு 13,000 வெள்ளி தேய்மானத்தோடு மற்றச் செலவுகளையும் சேர்த்தால் மாதத்துக்கு 1,500 வெள்ளிக்கு மேல் ஆகிவிடும். அந்தத் தொகைக்கு நாள்தோறும் டாக்சியில் போய்வந்தாலும் மிச்சம் இருக்கும். ஊரிலிருந்து பெற்றோர் ஓரிரு மாதம் வந்து தங்குகிறார்கள் என்பதற்காக வாங்குவது இன்னும் தவறு. அந்தக் காலத்துக்கு மட்டும் வாடகைக் கார் எடுக்கலாம். மணிக்கணக்கில் கார் தரும் பகிர்வுச் சேவைகளும் பெரும்பாலான குடியிருப்புகளுக்கு அருகிலேயே இருக்கின்றன.

மறுபுறம், நடக்க இயலாத பெரியவரோ, தொடர் சிகிச்சையில் இருக்கும் குழந்தையோ வீட்டில் இருந்தால், அல்லது நள்ளிரவு முறைப் பணியில் துவாஸ் போன்ற தொலைவிடத்துக்குப் போய்வர வேண்டியிருந்தால், கார் ஆடம்பரம் ஆகாது. மாலையிலும் வாரக் கடைசியிலும் மட்டும் ஓட்டினால் போதும் என்பவர்கள் சிவப்புப் பலகை கொண்ட உச்சநேரம் அல்லாத கார்த் திட்டத்தைப் பாருங்கள். வார நாட்களில் இரவு 7 முதல் காலை 7 வரையும், சனி, ஞாயிறு, பொது விடுமுறைகளில் நாள் முழுவதும் ஓட்டலாம்.

அனுமதி ரத்தாகி நாட்டை விட்டுக் கிளம்ப நேர்ந்தால் காரை என்ன செய்வது?

அனுமதி முடிவதற்குள் காரை விற்றாக வேண்டும், அல்லது பதிவிலிருந்து நீக்க வேண்டும். வேலை போன அன்றே மூன்று இடங்களில் விலை கேளுங்கள்: பழைய கார் வாங்கும் கடை, கமிஷனுக்கு விற்றுத் தரும் முகவர், வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்பவர். அவர்கள் சொல்லும் விலையைப் பேப்பர் வேல்யூவோடு ஒப்பிடுங்கள். அதைவிடக் குறைவாகக் கேட்டால் பதிவை நீக்கிச் சலுகைத் தொகையைப் பெறுவதே மேல். கடன் பாக்கி இருந்தால், நிதி நிறுவனத்திடம் அன்றைய தேதிக்கான முழுத் தீர்வுத் தொகையை எழுத்தில் வாங்குங்கள். விலையைவிடப் பாக்கி அதிகமாக இருந்தால் வித்தியாசத்தைக் கையிலிருந்து கட்டினால்தான் பெயர் மாற்றம் நடக்கும். அதற்கான பணத்தை வீட்டு வாடகை முன்பணத்திலிருந்து எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள், அது கைக்கு வர நாளாகும்.

கார் கைமாறிய நாளிலேயே, பெயர் மாறியதற்கான உறுதிச் செய்தியை ஒன்மோட்டரிங் தளத்தில் பார்த்துச் சேமித்துக்கொள்ளுங்கள். மாத நிறுத்தக் கட்டணத்தையும் காப்புறுதியையும் ரத்து செய்து, மிஞ்சிய காலத்துக்கான தொகையைக் கேட்டு வாங்குங்கள். வங்கிக் கணக்கை மூடுவதை எல்லாத் தொகையும் வந்து சேர்ந்த பிறகு செய்யுங்கள். காப்புறுதி நிறுவனத்திடம் என்சிடி உறுதிக் கடிதம் ஒன்றையும் மறவாமல் பெற்றுக்கொள்ளுங்கள். அடுத்துப் போகும் ஊரில் கார் வாங்கும்போது அதைக் காட்டிச் சலுகை கேட்கலாம்.